பள்ளியில் ஊடகக் கல்வி எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர் கூட்டங்களிலும் ஆசிரியர் அறையிலும் இந்தப் பாடத்தைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். நான் இந்தப் பாடத்தை எடுப்பவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஊடகக் கல்வி என்றால் பத்திரிகையாளர் ஆவதற்கான படிப்பா?

இல்லை. தாவரவியல் படிக்கிறவர்கள் எல்லாம் விவசாயம் செய்யப் போவதில்லை. சில பிள்ளைகள் பின்னாளில் அந்தத் துறைக்குப் போகலாம், போனால் மகிழ்ச்சி. ஆனால் வகுப்பு அவர்களுக்காக நடப்பதில்லை.

செய்தி, விளம்பரம், சினிமா, பாட்டு வீடியோ, விளையாட்டு ஒளிபரப்பு, போனில் வந்து விழும் ஃபார்வர்ட் எல்லாமே யாரோ உட்கார்ந்து செய்தவை. கேமராவை எங்கே வைப்பது, எந்த வார்த்தையைப் போடுவது, எதை வெட்டுவது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அந்த முடிவுகள் கண்ணில் படுவதில்லை, ‘நடந்தது இதுதான்’ என்று மட்டும் தோன்றும். அந்த முடிவுகளைக் கண்ணில் பட வைப்பதுதான் இந்தப் பாடம். யார் செய்தது, யாருக்காக, யார் காசில், எதை விட்டுவிட்டார்கள், இதைப் பார்த்ததும் எனக்கு ஏன் கோபம் வருகிறது? ஒரு வருடம் முழுக்கச் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம்.

வகுப்பில் அப்படி என்னதான் செய்வீர்கள்? படம் போட்டுக் காட்டுவீர்களா?

எப்போதாவது. பெரும்பாலும் பிள்ளைகளே எதையாவது செய்வார்கள். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி அரங்கில் ஒரு பேச்சுப் போட்டி. போட்டிருந்தது நூறு நாற்காலி, வந்திருந்தது 41 பேர். எண்ணி வைத்திருந்தேன். இரண்டு குழுக்களுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். ஒன்றில் ‘அரங்கம் நிரம்பி வழிந்தது’, மற்றதில் ‘ஈயாடிய அரங்கம்’. அந்தத் தலைப்புக்கு ஏற்ற போட்டோ ஒன்றை எடுத்து வர வேண்டும். மூன்று விதிகள்: ஆட்களை இடம் மாற்றக் கூடாது, போட்டோவை எந்த மென்பொருளிலும் திருத்தக் கூடாது, இரண்டு குழுவும் ஒரே ஐந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும்.

முதல் குழுப் பையன் மேடையின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். போனை முன்வரிசைக்காரர்களின் தோள் உயரத்துக்கு இறக்கி, ஜூமை இழுத்து, நெருக்கமாக உட்கார்ந்திருந்த நடுப்பகுதியை மட்டும் பிடித்தான். தலைக்குப் பின்னால் தலை, அதற்குப் பின்னால் இன்னொரு தலை. வரிசைகளுக்கு இடையே இருந்த இடைவெளி மாயமாகிவிட்டது. இரண்டாவது குழுவின் பெண் பின்பக்க மூலைக்குப் போய், ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று அகலமாக எடுத்தாள். பாதிப் படம் காலி நாற்காலிகள். தூரத்தில் மேடையில் பேசுகிறவர் தீக்குச்சி உயரம்.

மறுநாள் இரண்டையும் அரங்கத்துக்கே வராத இன்னொரு வகுப்பில் காட்டி, எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்டோம். முதல் படத்தைப் பார்த்தவர்கள் இருநூறு, முந்நூறு என்றார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்கள் இருபதைத் தாண்டவில்லை.

நான் எதிர்பார்த்த கேள்வி ‘இதில் எது பொய்?’ என்பது. அதைக் கேட்டு, இரண்டிலும் பொய் இல்லை என்று சொல்லி, வகுப்பை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “அப்போ சரியான போட்டோ எடுக்கணும்னா எங்க நிக்கணும் சார்?” என்றான். அவ்வளவுதான், மீதி இருபது நிமிடம் அதிலேயே போனது. நட்ட நடுவில் நிற்க வேண்டும் என்றார்கள் சிலர். இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும் என்றது ஒரு கூட்டம். போட்டோ எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், கீழே ‘100 நாற்காலிகள், 41 பேர்’ என்று எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்றாள் ஒருத்தி. பொறுப்பான செய்தி அறைகளில் நடக்கும் வாக்குவாதமும் இதே மாதிரிதான் இருக்கும். எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தால் போதாதா?

அது ஒரு பகுதிதான். மேலே சொன்ன இரண்டு போட்டோக்களையும் எந்தச் சரிபார்ப்பு நிபுணரிடம் கொடுத்தாலும் ‘உண்மையான படம்’ என்றுதான் சான்று தருவார். திருத்தப்படாதது, இடமும் நேரமும் சரி. இருந்தும் ஒவ்வொன்றும் பார்த்தவரைத் தவறான எண்ணிக்கைக்கு இழுத்துக்கொண்டு போனது. நாம் தினமும் பார்ப்பதில் முழுப் பொய்யைவிட இந்த ரகம்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பூமியின் மிகப் புகழ்பெற்ற போட்டோ 1972 டிசம்பர் 7 அன்று அப்போலோ 17 விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்டது, நீல உருண்டை என்று உலகம் அறிந்த படம். எடுத்தபோது அதில் தென் துருவம் மேலே இருந்தது. பிறகு வெளியிடும்போது நமக்குப் பழகிய வரைபடம் மாதிரி இருக்கட்டும் என்று திருப்பிவிட்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. விண்வெளியில் மேலும் இல்லை, கீழும் இல்லை. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது ஒருவர் எடுத்த முடிவு. இதை வகுப்பில் காட்டி, பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள்.

பழைய பொய்களையும் விட்டுவிடக் கூடாது. 1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்ற ஊரில் 16 வயது, 9 வயதுச் சிறுமிகள் இருவர் தேவதைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காகிதத்தில் வரைந்து வெட்டிய உருவங்களைத் தொப்பி ஊசியால் செடியில் குத்தி நிறுத்தியது, அவ்வளவே. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலே அதை நம்பி எழுதினார். அது போலி என்று அந்த இருவரும் ஒப்புக்கொண்டது 1980-களில்தான். துப்பறியும் கதை எழுதியவருக்கே கண் மறைந்தது. காரணம் கேமரா நுட்பம் இல்லை, அவர் ஆவி உலகத்தை நம்பினார், நம்ப விரும்பியதைப் படமும் காட்டியது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் பிடிப்பது தொப்பி ஊசி. எனக்குப் பிடிப்பது அந்த ‘நம்ப விரும்பியது’.

இன்றைய பிள்ளைகள் போனும் கையுமாகப் பிறந்தவர்கள். நம்மைவிட அவர்களுக்கு இது நன்றாகத் தெரியாதா?

போனை இயக்கத் தெரியும். நீந்தத் தெரிந்தவர்களுக்கெல்லாம் நீரின் ஆழம் தெரியும் என்று சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கல்வி ஆய்வுக் குழு ஒன்று 12 மாநிலங்களில் மாணவர்களிடம் 7,804 விடைகளைச் சேகரித்து 2016-இல் அறிக்கை வெளியிட்டது. நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் ஓர் இணையதளத்தின் முகப்பைக் காட்டினார்கள். ‘பணம் கொடுத்து வெளியிடப்பட்டது’ என்று மேலேயே குறிப்பிட்டிருந்த கட்டுரையை 80 சதவீதத்துக்கும் மேலானோர் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு உருக்குலைந்த டெய்சிப் பூக்களின் படம். ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் இப்படி ஆகிவிட்டது என்பது அதோடு வந்த தலைப்பு. எடுத்தது யார், எங்கே எடுத்தது என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் அதையே வலுவான சான்றாக ஏற்றுக்கொண்டார்கள்.

பெரியவர்கள் சிரிக்க வேண்டாம். அதே ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையில் வரலாற்றுப் பேராசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர் என்று உட்கார வைத்து, பெயரளவில் ஒன்று போலவே இருக்கும் இரண்டு மருத்துவர் சங்கங்களின் தளங்களைக் கொடுத்து, எது நம்பத் தகுந்தது என்று கேட்டார்கள். ஒன்று பழைய, பெரிய அமைப்பு. மற்றது அதிலிருந்து பிரிந்த சிறு குழு. பேராசிரியர்களும் மாணவர்களும் கொடுத்த பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்தார்கள். அழகான முத்திரை, ஒழுங்கான அடிக்குறிப்பு, பிழையில்லாத நடை என்று மயங்கினார்கள். சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டே வெளியேறி, பிரவுசரில் புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். சீக்கிரமே சரியான விடைக்கு வந்தவர்களும் அவர்கள்தான்.

ஊன்றிப் படி, வரிக்கு வரி படி என்றுதான் பள்ளியில் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். தெரியாத ஒரு பக்கத்துக்கு அந்த அறிவுரையே குழி பறிக்கிறது. முதலில் வெளியே போய் ஆள் யார் என்று விசாரி, பிறகு உள்ளே வந்து படி. மாப்பிள்ளை வீட்டாரே மாப்பிள்ளைக்கு நற்சான்று கொடுத்தால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா? இணையதளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் சந்தேகப்படக் கற்றுக் கொடுத்தால், பிள்ளைகள் எதையுமே நம்பாதவர்களாக ஆகிவிட மாட்டார்களா?

ஆகலாம். இந்தப் பாடத்தின் மேல் வைக்கப்படும் விமர்சனங்களில் இது ஒன்றைத்தான் நான் பயத்தோடு எடுத்துக்கொள்கிறேன். ‘எல்லாம் காசு வாங்கிட்டுப் போடறாங்க சார்’ என்று சொல்லிவிட்டு ஒரு மாணவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அவன் தன்னை விவரமானவன் என்று நினைக்கிறான். உண்மையில் அவன் யோசிப்பதை நிறுத்திவிட்டான். எதையும் நம்பாதவனை ஏமாற்றுவதும் சுலபம். ‘எல்லோரும் மறைப்பதை நான் சொல்கிறேன்’ என்று வருகிறவனிடம் போய்ச் சாய்ந்துவிடுவான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். நல்ல பழமொழிதான், ஆனால் ஒரு நாளைக்கு ஐந்தாறு சேதி காதில் விழுந்த காலத்தில் பிறந்தது. இப்போது காலையில் பல் துலக்குவதற்குள் ஐம்பது வந்துவிடுகிறது. ஐம்பதையும் தீர விசாரிக்க யாருக்கு நேரம்? ஆகவே எதை விசாரிப்பது, எதை அப்படியே தள்ளிவிடுவது, யார் சொன்னால் விசாரிக்காமலே ஓரளவு ஏற்றுக்கொள்வது என்பதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைசியாகச் சொன்னதுதான் கடினம். தவறு செய்தால் திருத்தம் போடுகிறார்களா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, எங்கிருந்து தகவல் வந்தது என்று சொல்கிறார்களா? இப்படிச் சின்னச் சின்ன அடையாளங்களை வைத்து நம்பிக்கையைக் கட்ட வேண்டும்.

மதிப்பெண்ணிலேயே இதைக் கொண்டு வரலாம். பத்துத் துணுக்குகள் கொடுங்கள், மூன்று மட்டும் தவறானவை. பத்தையும் பொய் என்று எழுதுகிற மாணவனுக்கு மூன்று மதிப்பெண்தான், மீதி ஏழும் போச்சு. இரண்டு தேர்வு இப்படி வைத்தால் சந்தேகப் பேய் கொஞ்சம் இறங்கும்.

சினிமாவும் விளம்பரமும் பார்ப்பது ஒரு படிப்பா?

பிரிட்டனில் இதை ‘மிக்கி மவுஸ் பாடம்’ என்று கேலி செய்வார்கள், அங்கே பொதுத் தேர்வு எழுதுகிற பாடமாக இருந்தும். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் கவலைப்பட்ட காலமும் உண்டு. இப்போது நாவல் படிக்க மாட்டேன் என்கிறார்களே என்று கவலைப்படுகிறோம்.

பொழுதுபோக்காகப் பார்ப்பது வேறு, பிரித்துப் பார்ப்பது வேறு. சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு நடிகரின் சலனமில்லாத முகம். அதே ஷாட்டை ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்து, ஒரு சவப்பெட்டிக்கு அடுத்து, ஒரு பெண்ணுக்கு அடுத்து என்று ஒட்டிக் காட்டினாராம். பார்த்தவர்கள் அந்த நடிகரின் முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்பது சினிமாக்காரர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. கதையை அப்படியே நம்ப வேண்டாம், வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு மாணவனின் முகத்தைப் பத்து நொடி எடுத்து, முன்னாலும் பின்னாலும் வேறு வேறு படங்களை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். எடிட்டிங் என்றால் வெட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒட்டுவதில்தான் அர்த்தம் பிறக்கிறது என்று அன்றைக்குப் புரியும்.

விளம்பரத்துக்கு இதைவிட எளிய வழி. முப்பது நொடி விளம்பரம் ஒன்றை முதலில் சத்தமில்லாமல் பாருங்கள். பிறகு திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாவது தடவை, ஷாட் மாறும் ஒவ்வொரு முறையும் மேஜையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டுகிற வேகத்தில் கை வலிக்கும். கடைசியாக ஒரு கேள்வி: பொருளைப் பற்றிச் சரிபார்க்கக் கூடிய தகவல் எத்தனை நொடி வந்தது? பல விளம்பரங்களுக்கு விடை பூஜ்யம்.

தனிப் பாடமாக வைக்க வேண்டுமா, மற்றப் பாடங்களோடு சேர்க்க வேண்டுமா?

கால அட்டவணையில் இடம் இல்லை என்பதுதான் எல்லாப் பள்ளியின் முதல் பதில். நியாயமும்கூட.

இரண்டு வழியும் உலகத்தில் நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1987-இல் இதை மொழிப்பாடத்தின் கட்டாயப் பகுதியாக்கியது. ஃபின்லாந்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் இதை ‘பன்முக எழுத்தறிவு’ என்ற பெயரில் எல்லாப் பாடங்களுக்குள்ளும் கலந்துவிட்டது. இங்கிலாந்திலோ மேல் வகுப்பில் விரும்பினால் தனியாக எடுத்துப் படித்துத் தேர்வு எழுதலாம்.

கீழ் வகுப்புகளில் கலப்பதே நல்லது என்பேன். புவியியல் ஆசிரியர் உலக வரைபடத்தை மாட்டும்போது, உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் மெர்கேட்டர் முறை வரைபடத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தெரிகிறதே, உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது என்று சொன்னால் அதுவும் ஊடகப் பாடம்தான். கணித ஆசிரியர் ஒரே எண்களை வைத்து இரண்டு பட்டை வரைபடம் போடலாம். ஒன்றில் செங்குத்து அச்சு 0-இல் தொடங்கும், மற்றதில் 90-இல். 92-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசம் முதலாவதில் கண்ணுக்கே தெரியாது, இரண்டாவதில் மூன்று மடங்கு உயரம்.

ஆபத்து என்னவென்றால், எல்லோருடைய பாடமாகவும் ஆகிவிட்டால் யாருடைய பாடமாகவும் இல்லாமல் போய்விடும். அதனால் பள்ளியில் ஒரு ஆசிரியராவது ‘இது என் பொறுப்பு’ என்று இருக்க வேண்டும். மேல் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை தனியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

இது புதிதாகக் கிளம்பிய மோஸ்தரா?

இணையத்துக்கு முந்தியது. 1982-இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் க்ரூன்வால்ட் நகரில் 19 நாடுகளின் பிரதிநிதிகள் யுனெஸ்கோ கூட்டத்தில் கூடி, பள்ளிகள் ஊடகக் கல்வி தர வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அன்றைக்குக் கவலை தொலைக்காட்சி. அடுத்த வருடமே பிரான்ஸ் இதற்கென ஒரு தேசிய மையத்தை அமைத்தது. அதன் பெயர் க்ளெமி, இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் இல்லினாய், நியூஜெர்சி, கலிஃபோர்னியா மாநிலங்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையில் சட்டம் போட்டுச் சேர்த்துக்கொண்டன.

எந்த வயதில் தொடங்கலாம்?

கதை கேட்கத் தொடங்கும் வயதிலேயே. ஏழு எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு, விளம்பரம் தன்னை எதையோ வாங்க வைக்கப் பார்க்கிறது என்பதே சரியாகப் புரிவதில்லை. அந்த வயதில் ‘நிகழ்ச்சி முடிஞ்சு விளம்பரம் வந்துடுச்சு, எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று கேட்பதே ஒரு பாடம். செய்தி, அரசியல் எல்லாம் பதின்ம வயதில் பார்த்துக்கொள்ளலாம்.

கணினி அறை இல்லை, கேமரா இல்லை. எங்கள் பள்ளியில் முடியுமா?

முடியும். ஒரு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை போட்டால் அதுதான் ஃபிரேம். ஆளுக்கொன்று கொடுத்து, மைதானத்தில் நிற்க வைத்து, ‘இந்தப் பள்ளி அமைதியானது’ என்று காட்டும் ஃபிரேம் ஒன்று, ‘இந்தப் பள்ளி இரைச்சலானது’ என்று காட்டும் ஃபிரேம் ஒன்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே நாளில் வந்த இரண்டு செய்தித்தாள்களின் முதல் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். எந்தச் செய்திக்கு எத்தனை சென்டிமீட்டர், விளம்பரத்துக்கு எத்தனை? ஒரு பக்கத்தில் பாதியை விளம்பரம் தின்றிருப்பதை அளந்து பார்த்த பிள்ளை பிறகு மறக்காது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி எது அசல் என்று கண்டுபிடிக்கவே முடியாதே, அப்புறம் இந்தப் பாடம் எதற்கு?

படத்துக்குள் தடயம் தேடுவது மட்டும்தான் பாடம் என்றால் எதற்கும் இல்லை. விரலை எண்ணிப் பார், கண் சிமிட்டுகிறதா பார் என்று சில காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மென்பொருள் ஆறு விரல் போடுவதை நிறுத்தியதும் அந்தப் பாடம் கெட்டுப்போய்விட்டது. கெட்டதோடு விடவில்லை, ‘ஐந்து விரல்தான் இருக்கிறது, அப்போ உண்மை’ என்ற தப்பான தைரியத்தையும் கொடுத்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதே, அது எங்கிருந்து வந்தது என்று பார் என்றே நான் சொல்கிறேன். முதலில் போட்டது யார், வேறு யாராவது அதே சம்பவத்தை வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா? காட்டிங்லி தேவதைகளிடமும் இதைக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேமரா, ஒரே இரண்டு சாட்சிகள், பிரியமான முடிவு.

இன்னொன்று, பொய் பரவுவதற்கு இயந்திரத்தைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. பகிர்ந்தது மனிதர்கள். பொய் புதுசாக இருந்தது, ஆச்சரியமாக இருந்தது. உண்மைக்கு அந்த ஜரிகை கிடையாது.

யாருக்கு எதைக் காட்டுவது என்று போனுக்குள் முடிவெடுக்கும் அல்காரிதத்தைப் புரிந்துகொள்ள எளிய பயிற்சி: ஒரே சொல்லை ஐந்து பேர் தங்கள் வீட்டுப் போன்களில் தேடி, முதலில் வந்த ஐந்து வீடியோக்களின் பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும். பட்டியல்கள் பெரும்பாலும் ஒத்துப் போவதில்லை. ‘என் போன் எனக்குத் தெரிந்ததையே எனக்குக் காட்டுகிறது’ என்று நான் சொல்லிப் புரிய வைக்க ஒரு மாதம் ஆகியிருக்கும்.

ஆசிரியரின் அரசியல் வகுப்புக்குள் வந்துவிடாதா?

வரும். எந்த வகுப்புக்குள்தான் வரவில்லை? இங்கே கூடுதலாகக் கவனம் வேண்டும் என்பது சரி. நான் வைத்திருக்கும் வழக்கம், முதல் மூன்று மாதம் அரசியலைத் தொடுவதே இல்லை. விளையாட்டிலிருந்து தொடங்குவேன். ஒரே போட்டியைப் பற்றி ஜெயித்த அணியின் ஊர்ப் பத்திரிகையும் தோற்ற அணியின் ஊர்ப் பத்திரிகையும் எழுதியதைப் படித்தால் சாய்வு என்றால் என்ன என்று சண்டை இல்லாமல் புரிந்துவிடும். அரசியல் வரும்போது, எனக்குப் பிடித்த பக்கத்தின் தவறான செய்தியைத்தான் முதல் உதாரணமாக எடுப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கும். வலிக்காவிட்டால் நான் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம்.

பிள்ளை வீட்டில் பெரியவர்களைத் திருத்த ஆரம்பித்துவிட்டது. என்ன செய்வது?

இந்தப் புகார் அடிக்கடி வருகிறது. தாத்தா குடும்பக் குழுவில் போட்ட மூலிகை வைத்தியத்துக்குக் கீழே பேத்தி ‘ஆதாரம்?’ என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டாளாம், தாத்தா இரண்டு நாள் பேசவில்லையாம். தப்பு என்னுடையது, எப்படிக் கேட்பது என்று நான் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன்: குழுவில் கேட்காதே, தனியாகக் கேள். ‘இது பொய்’ என்று தொடங்காதே, ‘இதை யார் அனுப்பினாங்க தாத்தா?’ என்று தொடங்கு. பெரியவர்கள் பெரும்பாலும் அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். அந்த அக்கறைக்கு முதலில் மரியாதை கொடுத்தால் மீதியைப் பேசலாம்.

இதனால் பலன் உண்டு என்று ஆய்வு ஏதாவது சொல்கிறதா?

2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 51 ஊடகக் கல்வி முயற்சிகளைச் சேர்த்துப் பார்த்து, மொத்தத்தில் பலன் இருக்கிறது என்றது. ஒரே வகுப்போடு நிறுத்தியவற்றைவிடப் பல வகுப்புகள் நடந்தவற்றில் பலன் கூடுதல். ஆனால் அறிவு கூடுகிற அளவுக்குப் பழக்கம் மாறுவதில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. சிகரெட் கெடுதல் என்று தெரிந்த எல்லோரும் விட்டுவிடுவதில்லை, அது போல. பள்ளியில் வருடத்துக்கு ஒரு ‘விழிப்புணர்வு நாள்’ வைத்து, பேனர் கட்டி, உறுதிமொழி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இதுவும் காரணம்.

நான் ஆசிரியர், பயிற்சி எதுவும் எடுத்ததில்லை. எங்கே தொடங்குவது?

இன்றைய செய்தித்தாளில் ஒரு போட்டோவை வெட்டி எடுங்கள். தலைப்பையும் விளக்கத்தையும் மறைத்துவிட்டு, பிள்ளைகளையே தலைப்பு எழுதச் சொல்லுங்கள். பத்து விதமாக வரும். பிறகு அசல் தலைப்பைக் காட்டி, ஏன் இதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். விடை உங்களுக்கே தெரியாது, அது பரவாயில்லை. விடை தெரியாத ஆசிரியரோடு சேர்ந்து தேடுவது பிள்ளைகளுக்குப் புதிய அனுபவம்.

அது நன்றாகப் போனால் அடுத்த வாரம் அரங்கப் பயிற்சியைச் செய்யலாம். போகும்போது ஆட்களை எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் வருடம் எண்ண மறந்துவிட்டேன். நிரம்பியிருந்தது என்று ஒரு குழு, காலியாக இருந்தது என்று இன்னொரு குழு, கடைசி மணி அடிக்கும்வரை சண்டை. நடுவில் நின்ற எனக்கும் சொல்லத் தெரியவில்லை.